எழுத்தில் இருக்கு, வாயில் இல்லை

ஓகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காற்று. கடைக் கண்ணாடி முழுக்க மணல். பிளெக்ஸ் மெசினில் கறுப்பு மை மறுபடியும் அடைப்பு. சோதனைத் தாளில் நடுவில் கோடுகள் இல்லை. கழுவினேன், திரும்ப அடித்தேன். இன்னும் இல்லை. உப்புக் காற்றும் புழுதியும் உள்ள மன்னாரில் இந்த மெசினை வாங்கிப் போட்டவருக்கு ஒரு பெரிய கும்பிடு. வாங்கியவர் நஸீர் நானா, முதலாளி. பக்கத்தில் இருந்து பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

மடுத் திருவிழா வேலை குவிகிறது. வான் கண்ணாடி ஸ்ரிக்கர். தண்ணீர்ப் பந்தல் பனர். யாத்திரிகர் வரவேற்பு. ஒருவர் welcome-க்கு இரண்டு l போட்டே தீரவேண்டும் என்று நின்றார். போட்டுக் கொடுத்தேன். என் பெயரா கெடப்போகிறது.

மதியம் தெரியாத நம்பரில் இருந்து வட்சப்பில் குரல் பதிவு. சின்னப் பெட்டைக் குரல்.

"மாமா, நான் ஹனா. மறிச்சுக்கட்டியில இருந்து. இது உம்மாட ஃபோன். நீங்க டெனிசன் மாமாதானே? எங்கட விளையாட்டுக் கழகத்துப் பனர்ல அடியில கடைட நம்பர் இருந்திச்சு. அங்கதான் உன்ட மாமா வேலை செய்யிறாரெண்டு வாப்பா சொன்னார். ஒரு கேள்வி. knife-க்கு முன்னால k ஏன்? டீச்சர்ட்டக் கேட்டன், சும்மா பாடமாக்கட்டாம். நீங்க எழுத்து அடிக்கிற ஆள், தெரியுந்தானே?"

முடிவில், தூரத்தில் ஒரு பெண் குரல்: "ஹனா, ஆரோட கதைக்கிறாய்?" அதோடு வெட்டு.

அக்கா.

அந்தக் கடைசித் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். குரல் மாறவில்லை. கொஞ்சம் தடித்திருக்கிறது.

அக்கா றிஸ்வானைக் கட்டிப் போய்ப் பன்னிரண்டு வருசம். அவருடையது இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்து மறிச்சுக்கட்டிக்குத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். அக்கா அங்கே வீட்டுத்திட்டக் கந்தோரில் வேலை செய்தவள். அவள் போன நாளில் இருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெயர் கிடையாது. புதிதாக யாராவது வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அம்மா "ஒருத்தன்" என்பா. நான் பக்கத்தில் நின்றாலும்.

பதில் போடவில்லை. மை அடைப்பு எடுபட்டது.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் தேடிப் பார்த்தேன். தெரியாது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான்.

அனுப்பியது: "k முந்தி வாயில இருந்தது. 'க்னைஃப்' எண்டுதான் சொன்னவங்கள். பிறகு நாக்குக்குக் கஷ்டமெண்டு விட்டிட்டாங்கள். knee, knock எல்லாம் அப்பிடித்தான். எழுத்து மட்டும் நிண்டிட்டுது."

உடனே பதில். பெட்டை ஃபோனோடுதான் குந்தியிருக்கிறாள்.

"வாயில இருந்து எடுத்தா எழுத்தில இருந்தும் எடுக்கத்தானே வேணும்?"

"அதுக்கிடையில அச்சடிச்சிட்டாங்கள். ஊரெல்லாம் போயிட்டுது."

"சோம்பேறிகள்."

எனக்குப் பிடித்தது.

கூடவே ghost-க்குள் இருக்கும் h-ஐயும் சொன்னேன். இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் வந்தபோது எழுத்துக் கோர்க்க வேறு நாட்டு ஆட்களையும் பிடித்தார்களாம். அவர்கள் தங்கள் ஊர்ப் பழக்கத்தில் ஒரு h-ஐச் செருகிவிட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. கோர்க்கிறவன் வைப்பதுதான் எழுத்து. நஸீர் நானாவுக்கும் சொன்னேன். "அப்ப அந்த ரெண்டு l-உம் இன்னும் நூறு வருசத்தில சரியாயிடும்" என்றார்.

வீடு. அப்பா இறந்து ஒரு வருசமாகிறது, ஆண்டுத் திருப்பலி இருபதாம் திகதி, புதன். அம்மா சொன்னா, பூசைக்குக் கொடுக்கும் நினைவு அட்டை, அந்தக் காட், இம்முறை நீயே அடி என்று. போன வருசம் மரண அறிவித்தலைப் பெரியப்பா வவுனியாவில் அடிப்பித்தார். எனக்கு நேரமிருக்காதாம். கடையில் வேலை செய்கிறவனுக்கு நேரமிருக்காதாம்.

அந்த அறிவித்தலில் அக்கா இல்லை. அடக்கத்தன்று சேமக்காலை மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் காணவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

காலை கரண்ட் இல்லை. பஸ் நிலையப் பக்கம் கட்டிய பனர் ஒன்றைக் கழுதை தின்றுவிட்டது. திரும்ப அடிக்கச் சொல்லி அந்த ஆள் சண்டை. கழுதைக்கு நான் என்ன செய்ய.

அன்ரனிடம் இருந்து கோல். பெரியப்பாவின் மகன். அப்பாவின் போட் இப்போது அவனிடம். "டெனி, இலக்கம் மங்கிப் போச்சடா. நேவிக்காரன் கரையில மறிச்சுப் பேசுறான். புதுசா வெட்டித் தா." மடு முடியட்டும் என்றேன்.

இலக்கம் என்றதும் அப்பா ஞாபகம். ஒவ்வொரு வருசமும் போட்டின் இலக்க ஸ்ரிக்கரை மாற்ற இந்தக் கடைக்கு வருவார். வெயிலிலும் உப்பிலும் உரிந்துபோகும். ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டுவார். இலக்கத்தில் விரலை வைப்பார், "இதை வெட்டு." பிறகு விரல் மெல்ல நகரும். இலக்கத்துக்குப் பின்னால் போட்டின் பெயர். அக்கா பிறந்த பிறகு வாங்கிய முதல் போட்டில் இருந்து அவள் பெயர்தான். அதில் விரலை வைத்து,

"இதையும்."

அவ்வளவுதான். பெயரைச் சொன்னதில்லை. மாற்றச் சொல்லிப் பெரியப்பா எத்தனையோ தரம் சொன்னவர். அப்பா பதில் சொன்னதும் இல்லை, மாற்றியதும் இல்லை. கரையில் எல்லாரும் அப்பா பாவிலுவின் பெயரால் 'பாவிலற்ற போட்' என்பார்கள். எழுதியிருக்கிற பெயரை ஒருவரும் வாசிப்பதில்லை.

நானும்தான். வெட்டினேன், கொடுத்தேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து பெரியப்பா நேரே வீட்டுக்கு. கோயில் மூப்பர் அல்லவா, வந்தால் கதிரையை இழுத்து நடுவில் போட்டுத்தான் இருப்பார். அப்பாவின் கதிரை. அம்மா பிளேன் ரீ கொடுத்துவிட்டு நிலையோடு நின்றா.

"எழுது" என்றார். "மனைவி மரியம்மா. மகன் டெனிசன். சகோதரன் நான். பெறாமகன் அன்ரன். பிறகு, ஜெரோம், கனடா."

"ஆர் ஜெரோம்?"

"என்ர மச்சானின்ர பெடியன். கனடாவில பெரிய ஆள்."

"அவர் அப்பாவைக் கண்டிருக்கிறாரோ?"

"காணாட்டி என்ன? கனடா எண்டு ஒண்டு கிடந்தால் காட்டுக்கு ஒரு மதிப்பு."

"அக்கா?"

அம்மா உள்ளே போனா. குசினியில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"எந்த அக்கா?" என்றார்.

"எனக்கு ஒரு அக்காதான், பெரியப்பா."

"அவள் பேரையே மாத்திப்போட்டாளாம். அந்தப் பேரில இப்ப ஆருமில்லை."

"அப்பா வச்ச பேர். அப்பாவின்ர காட்டில வராதோ?"

"தம்பி, நீ படிச்சனி, ரைப் பண்ணு. யோசிக்கிறதுக்கு நாங்கள் இருக்கிறம்."

ரீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினார். சீனி காணாதாம்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

ஹனா: "நான் இருக்கிற இடம் island இல்லை. நீங்கதான் island ஆள். உங்கட s ஏன் மாமா பேசுதில்லை?"

மன்னார்த் தீவுக்காரனுக்கு நக்கல். யாரில் இருந்து வந்தது என்று தெரியும். சின்னனில் என் கணக்குக் கொப்பியைப் பார்த்து அக்காவும் இப்படித்தான்.

தேடினேன். island-இல் உள்ள s ஒருநாளும் பேசியதில்லையாம். பழைய எழுத்தில் இல்லவே இல்லை. பிறகு படித்தவர்கள் சிலர், இது லத்தீனில் இருந்து வந்த பெரிய குடும்பத்துச் சொல் என்று நினைத்து s-ஐக் கொண்டுவந்து ஒட்டினார்கள். பிழை. அந்தக் குடும்பத்துக்கும் இதற்கும் சொந்தமே இல்லை. doubt-இல் உள்ள b-உம் ஏறக்குறைய அப்படித்தான். உறவு தூரத்து உறவு, ஆனால் அந்த b லத்தீன் படித்ததைக் காட்டுவதற்காகச் செருகியது.

ஆக இரண்டு சாதி. ஒன்று, முந்திப் பேசிப் பிறகு வாய் மூடியது. மற்றது, மதிப்புக்காகக் கொண்டுவந்து இருத்தியது.

ஜெரோம், கனடா.

ஹனாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "படிச்ச ஆக்கள் பிழையாச் சொந்தம் கொண்டாடினது" என்று மட்டும் அனுப்பினேன். "பெரிய ஆக்களும் பிழை விடுவாங்களா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது.

ஓகஸ்ட் 14, வியாழன்

மடுவுக்கு ஊரே போய்விட்டது. கடை காலி. காட்டை வடிவமைத்தேன். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, மூலையில் சின்னச் சிலுவை. பூ, புறா, மெழுகுதிரி ஒன்றும் இல்லை.

மனைவி: மரியம்மா
மக்கள்: ஸ்ரெல்லா, டெனிசன்
மருமகன்: றிஸ்வான்
பேத்தி: ஹனா
சகோதரன், பெறாமகன்: பெரியப்பா, அன்ரன் பெயர்கள்.

ஜெரோமைத் தூக்கிவிட்டேன்.

நஸீர் நானா பின்னால் நின்று பார்த்தார். "உங்கட வீட்டுச் சண்டைக்குள்ள என்ட மெசினை இழுக்காதடா." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். "மருமகன்ட பேருக்குப் பெரிய ற-வோ சின்ன ர-வோ?" "பெரிய ற." "அப்ப சரி. அடி."

கறுப்பு ஒரு கோடு விடாமல் வந்தது.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

ஒளிக்கிறது எனக்குப் பழக்கமில்லை. அடித்த காட்களைக் கட்டாகக் கொண்டுபோய்ப் பெரியப்பா கையிலேயே கொடுத்தேன். "அக்காவைப் போட்டிருக்கிறன். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் பூசைக்கு வரமாட்டன்."

வாசித்தார். நேரம் எடுத்து. சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். என்னென்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே அடுக்கிக்கொண்டு வந்தது.

"இருக்கட்டும்" என்றார்.

"என்ன?"

"இருக்கட்டுமடா. அடிச்சாப் பிறகு கிழிக்கிறதோ? எழுதினது எழுதினதுதானே. ஜெரோமை விட்டிட்டாய்."

"விட்டிட்டன்."

"கெட்டிக்காரன்" என்று தோளில் தட்டினார்.

இவ்வளவு சுகமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. அடுக்கி வைத்ததெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தது.

அம்மாவிடம் ஒரு காட் கொடுத்தேன். பார்த்தா. முந்தானையால் அதன் மேலே துடைத்தா, தூசி ஒன்றும் இல்லை. செபப் புத்தகத்துக்குள் வைத்தா.

படம் எடுத்து ஹனாவுக்கு அனுப்பினேன். "உம்மாவிட்டக் காட்டு. புதன் பின்னேரம் அஞ்சரைப் பூசை. வரச் சொல்லு."

இரவு பதில்: "காட்டினன். உம்மா ஃபோனை வாங்கிப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தா. பிறகு வாப்பாட்ட மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் இருக்கோ எண்டு கேட்டா."

ஓகஸ்ட் 20, புதன்

ஹனா காலையில்: "இண்டைக்கு Wednesday. அதில d இருக்கு, பேசுதில்லை. பின்னேரம் சொல்லுங்க ஏனெண்டு."

பின்னேரம் சொல்லவில்லை.

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே கொஞ்சம் மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

நானும் அம்மாவும் முன் வாங்கில். கோயில் அரைவாசிதான் நிறைந்தது. யன்னலால் பார்த்தேன். வெளியே வேம்புக்குக் கீழே மோட்டார்சைக்கிள். றிஸ்வான் வெள்ளைச் சேட்டோடு ஹாண்டிலைப் பிடித்தபடி. பக்கத்தில் கறுப்பு அபாயாவில் அக்கா. ஹனா மெல்லிசு, கையில் தாள். படத்தை எங்கேயோ பிரிண்ட் எடுத்திருக்கிறாள்.

உள்ளே வரமாட்டாள் என்று தெரியும். வெளியே நின்றால் போதும். வெளியில் இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது. போன மாதம் நான்தான் கோயிலுக்கு வயர் மாற்றிக் கொடுத்தது. கரை வரைக்கும் கேட்கும்.

பூசைக்கு முன் கருத்து, அதாவது யாருக்காக யார் ஒப்புக்கொடுக்கும் பூசை என்று, வாசிப்பது மூப்பர். பெரியப்பா மைக்குக்கு வந்தார். கையில் என் காட். கண்ணாடியைத் துடைத்தார்.

"காலஞ்சென்ற பாவிலு அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மனைவி மரியம்மா, மகன் டெனிசன்..."

மக்கள் என்று அடித்திருந்தேன். மகன் என்று வாசித்தார். ஒரு தடக்கல் இல்லை, ஒரு மூச்சு இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஞாயிற்றுக்கிழமை ஏன் தோளில் தட்டினார் என்று. காட் என்னுடையது. மைக் அவருடையது.

மருமகனையும் தாண்டினார். ஆனால் தாண்டின வேகத்தில் அடுத்த வரியில் போய் மோதிவிட்டார்.

"...பேத்தி ஹனா..."

நின்றார். கனைத்தார். "சகோதரன், பெறாமகன் ஆகியோர் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி."

மகன் கலியாணம் கட்டாதவன். மகள் இல்லை. பேத்தி எங்கிருந்து வந்தாள் என்று ஒரு சனம் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் எழும்பி நின்று பாட்டுப் பாடினார்கள். நானும் எழும்பினேன். மைக் நாலு எட்டில் இருந்தது. போகவில்லை.

ஸ்பீக்கர் நன்றாக வேலை செய்தது. ஒரு எழுத்துக் குறையாமல் வெளியே போயிருக்கும்.

முடிந்து வாசலுக்கு வர, ஹனா மதிலடிக்கு ஓடி வந்தாள். முதல் முறை நேரே காண்கிறேன். பல் ஒன்று மிதப்பு. "மாமா, என்ட பேர் ஸ்பீக்கர்ல வந்திச்சு! கேட்டீங்களா?" சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் தாளைத் தூக்கிப் பிடித்தாள். "ஆனா உம்மாட பேரை விட்டுட்டாங்க மாமா. இஞ்ச வடிவா இருக்கு, பாருங்க, மக்கள், ஸ்..."

அக்கா வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாத" என்றாள். மெல்ல. கோபமில்லை. சந்தையில் பிள்ளை அடம்பிடித்தால் சொல்வதுபோல.

என்னைப் பார்த்தாள். "மெலிஞ்சிட்டாய்" என்றாள். நான் அக்கா என்றேனா, வாய் மட்டும் அசைந்ததா என்று நிச்சயமில்லை. போய் ஏறினாள். மூன்று பேரும் ஒரு மோட்டார்சைக்கிளில், இருட்டுக்கு முன் மறிச்சுக்கட்டி போகவேண்டும்.

பெரியப்பா படியில் நின்று ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு, "ஸ்பீக்கர் நல்லா இழுக்குதடா" என்றார்.

அம்மா படலையைத் திறக்கும்போது கேட்டா: "அந்தப் பிள்ளை எத்தினையாம் வகுப்பாம்?"

"ஆறு."

"ம்."

ஓகஸ்ட் 21, வியாழன்

ஹனாவின் குரல், குசுகுசுவென்று. "மாமா, இனி உங்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதாம். உம்மா சொல்லிட்டா. நம்பரையும் புளொக் பண்ணப் போறா. கடைசிக் கேள்வி. வாயில இருந்து போன எழுத்து திரும்பி வாறதே இல்லையா?"

நஸீர் நானா இரண்டு தரம் கூப்பிட்டார். கல்யாணக் காட் ஒன்று அவசரமாம். கவனிக்கவில்லை. தேடினேன்.

இருக்கிறது. often-இல் உள்ள t. வாயில் இருந்து போயே போய்விட்டது. பிறகு ஊரெல்லாம் பள்ளிக்கூடம் வந்து, வாசிக்கப் பழகிய சனம் தாளைப் பார்த்து, எழுதியிருக்கிறதுதானே என்று திரும்பச் சொல்லத் தொடங்கியது. படித்தவர்கள் சிரித்தார்களாம். சனம் விடவில்லை. இப்போது அரைவாசிப் பேர் சொல்கிறார்கள்.

அனுப்பினேன்: "வரும். எழுத்தில விட்டு வச்சிருந்தால் வரும். ஆரும் சத்தமா வாசிக்க வேணும்."

ஒரு சரி அடையாளம்தான் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. பின்னேரமும் விழவில்லை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம்.

அன்ரன் நேரே வந்தான். நேவி இனி கடலில் இறங்க விடமாட்டானாம், இலக்கம் இல்லாமல் இரண்டு நாள் தொழில் இல்லை. "பேர் வேண்டாமடா, இலக்கம் மட்டும். என்ர அப்பா சொன்னவர்."

இலக்கம் வெட்டினேன்.

இதையும்.

கறுப்பில், இலக்கத்தின் அதே உயரத்தில். இரண்டையும் மேசையில் விரித்தேன். இலக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"என்னடா இது?"

"வாசி."

"தெரியும்தானே."

"தெரிஞ்சால் வாசி. வாசிச்சாத்தான் இலக்கம்."

"விசரே உனக்கு? அங்க போட் கிடக்குது."

"கிடக்கட்டும்."

வாசலைப் பார்த்தான். நஸீர் நானா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கோயிலில நீ வாய் திறந்தனியோ?" என்றான் அன்ரன். "பெரிய ஆள் மாதிரி என்னை மட்டும் மறிக்கிறாய். முதல்ல நீ சொல்லு பாப்பம்."

சரியான கேள்வி. பன்னிரண்டு வருசம், அக்கா என்றுதான் சொல்லியிருக்கிறேன், அதுவும் அநேகமாக நினைப்பில்.

"ஸ்ரெல்லா" என்றேன். திரும்பவும் சொன்னேன். "ஸ்ரெல்லா. இப்ப நீ."

அன்ரன் ஸ்ரிக்கரைப் பார்த்தான். விரலை வைத்தான். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கேல்லை" என்றேன்.